எழுத்தில் யாரும் இறங்கச் சொல்லவில்லை

தமிழ்நாட்டு அரசு அலுவலகக் கோப்பு ஒன்றில் நீங்கள் எதை வேண்டுமானாலும் பார்க்கலாம். கரையான் அரித்த ஓரம், தேநீர்க் கறை, மூன்று ஆட்சிகள் மாறிய பிறகும் சிவப்பு மங்காத ‘மிக அவசரம்’ முத்திரை. ஒன்றை மட்டும் பார்க்க முடியாது. ‘இதை நான் சொன்னேன்’ என்ற வாக்கியம். அங்கே யாரும் எதையும் சொல்வதில்லை. எல்லாம் தெரிவிக்கப்படுகிறது, கோரப்படுகிறது, ஆணையிடப்படுகிறது, கண்டறியப்பட்டுள்ளது, மேற்கொள்ளப்பட்டு வருகிறது. பேய் வீட்டில் கதவு தானாகத் திறக்கும் என்பார்கள். நம் ஊரில் குழாய் தானாகவே பதிக்கப்படும், தானாகவே உடைக்கப்படும், அதன்மீது விசாரணையும் தானாகவே நடத்தப்பட்டு முடித்துவைக்கப்படும்.

செயப்பாட்டுவினைமேல் எனக்குப் பகை கிடையாது. அதற்குப் பின்னால் பதுங்கி உட்கார்ந்திருக்கிறாரே ஒருவர், அவர்மேல்தான். அவர் ஊமையும் அல்லர். வாயைத் திறந்தால் எழுவாய், பயனிலை எல்லாம் சரியாக விழும். நடுவில் வசவும் விழும். ‘யோவ், சாயங்காலத்துக்குள்ள முடிச்சுட்டு வந்து என் முன்னாடி நில்லு’ என்று அவர் சொல்வதில் யார் யாருக்கு உத்தரவிடுகிறார் என்பதில் குழப்பமே இல்லை. பேனாவை எடுத்ததும்தான் அவருக்குத் ‘தான்’ மறந்துபோகிறது. இதைத் துறவு என்று நினைத்தால் நீங்கள் நல்லவர்.

நம் பணியிடங்களில் ஒரு போக்குவரத்து விதி இருக்கிறது. உத்தரவு வாய்வழியாகக் கீழே இறங்கும். விளக்கம் எழுத்துவழியாக மேலே ஏறும். மேலே இருப்பவர் பேசினால் போதும், கீழே இருப்பவர் எழுதித் தர வேண்டும். இந்த விதியை எந்த அரசாணையும் வகுக்கவில்லை. வகுத்திருந்தால் அது எழுத்தில் இருந்து தொலைத்திருக்குமே!

கோப்பு ஒன்று போகும் வழியைப் பாருங்கள். உதவியாளர் குறிப்பு எழுதி வைக்கிறார். விதி இன்னது, முன்பு செய்தது இன்னது, ஆகவே இந்த ஒப்பந்தப்புள்ளியை ஏற்க இயலாது என்கிறது குறிப்பு. கண்காணிப்பாளர் சுருக்கொப்பமிட்டு மேலே தள்ளுகிறார். அதிகாரிக்கோ அந்த ஒப்பந்தப்புள்ளி வேண்டியிருக்கிறது. யாரோ கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார்கள், அதுவும் வாயால்தான். ‘ஏற்கலாம்’ என்று பச்சை மையில் எழுதினால் தீர்ந்தது. அப்படி எழுதும் அதிகாரத்துக்குத்தான் அவருக்குச் சம்பளமும் காரும் வீடும். எழுத மாட்டார். ஓரத்தில் ஒரே ஒரு சொல்லைக் கிறுக்குவார்: ‘பேசவும்’.

அவர் மனமுவந்து எழுதும் சொல் அது ஒன்றுதான். எழுத்தை ஒழிக்கும் எழுத்து. உதவியாளர் அறைக்குள் போகிறார், கதவு சாத்தப்படுகிறது, ஐந்து நிமிடத்தில் வெளியே வருகிறார். மறுநாள் அதே கோப்பில் அதே கையெழுத்தில் புதுக் குறிப்பு: ‘மேலும் பரிசீலித்ததில், பணியின் அவசரத்தையும் பொதுநலனையும் கருத்தில் கொண்டு ஏற்கலாம் எனக் கருதப்படுகிறது.’ ஒரே இரவில் உதவியாளருக்கு ஞானம் பிறந்துவிட்டது. அதிகாரி அடியில் ஒப்பமிடுகிறார். ஆகவே ஆவணப்படி முடிவை எடுத்தவர் உதவியாளர். அதிகாரி, சொன்னதை நம்பிக் கையெழுத்துப் போட்ட அப்பாவி. பத்து வருடம் கழித்துத் தணிக்கைக்காரரோ லஞ்ச ஒழிப்புத் துறையோ வரும்போது முதலில் தேடப்படுவது குறிப்பு எழுதிய கைதான். பேசிய வாய் அதற்குள் ஓய்வு பெற்று, நேர்மையான நிர்வாகம் பற்றித் தொலைக்காட்சியில் விவாதித்துக்கொண்டிருக்கும்.

‘பேசவும்’ என்பதுகூடத் தடயமாகிவிடும் என்று நடுங்கியவர்களுக்கு மஞ்சள் ஒட்டுச்சீட்டு வாய்த்தது. கோப்பில் ஒட்டி அனுப்பலாம், வேலை முடிந்ததும் உரித்து எறியலாம். தகவல் பெறும் உரிமைச் சட்டம் 2005 அக்டோபரில் நடைமுறைக்கு வந்தபோது, இனி அலுவலகங்கள் கோப்பைத் திறந்து காட்டியே ஆக வேண்டும் என்று மகிழ்ந்தோம். அவர்கள் நம்மைவிடப் புத்திசாலிகள். திறந்து காட்ட வேண்டிய கோப்பில் எதையும் எழுதாமல் இருக்கக் கற்றுக்கொண்டார்கள். விண்ணப்பம் போட்டால் 30 நாளில் பதில் வரும்: ‘தாங்கள் கோரியுள்ள ஆவணம் இவ்வலுவலகத்தில் ஏதும் இல்லை.’ அதில் பொய்யே கிடையாது. பக்கத்துக்கு 2 ரூபாய் கட்டினால் காகிதத்துக்கு நகல் கிடைக்கும். வாய்க்கு நகல் எடுக்கும் எந்திரம் இன்னும் வரவில்லை.

இப்போது வாட்ஸ்அப் இருக்கிறது. சாதாரண அழைப்பை யாராவது பதிவு செய்துவிடுவார்கள் என்பதால் ‘கட் பண்ணிட்டு வாட்ஸ்அப்ல வாங்க’ என்பது இன்றைய அலுவலக மந்திரம். அதே செயலியில் குழுக்களும் உண்டு. தலைமை ஆசிரியர், கிராம நிர்வாக அலுவலர், கிராம சுகாதாரச் செவிலியர், அங்கன்வாடிப் பணியாளர் என்று ஒவ்வொருவர் கைப்பேசியிலும் ஏழெட்டுக் குழுக்கள். இரவு பத்தரைக்குச் செய்தி விழும்: ‘நாளைக் காலை 10 மணிக்குள் புகைப்படத்துடன் அறிக்கை. தாமதம் ஏற்றுக்கொள்ளப்பட மாட்டாது.’ அடியில் வரிசையாகக் கைகூப்பும் பொம்மைகள், ‘ஓகே சார்’, ‘நன்றி மேடம்’. எதற்கு நன்றி என்று கேட்டால் கேட்டவருக்குப் பைத்தியம்.

பார்த்தீர்களா, எழுத்தில்தான் உத்தரவு வருகிறதே என்று நீங்கள் சொல்லக்கூடும். உற்றுப் பாருங்கள். அறிக்கை கேட்பதுதான் எழுத்தில் வரும். ‘பயனாளிகள் எண்ணிக்கை மிகக் குறைவாக உள்ளது, உடனே சரிசெய்யவும்’ என்பதோடு அது நின்றுவிடும். ஊரில் அத்தனை பயனாளிகள் இல்லையே என்று அந்த அங்கன்வாடிப் பெண் தொலைபேசியில் கேட்டால் மீதிப் பாதி வரும்: ‘என்ன பண்ணுவீங்களோ எனக்குத் தெரியாது. நூறு வரணும்.’ அவர் நூறு என்று எழுதி அனுப்புகிறார். மாவட்டம் அதைக் கூட்டுகிறது, மாநிலம் அதைக் கூட்டுகிறது, தலைநகரில் ஒருவர் விருது வாங்குகிறார். பொய்க் கணக்கு பிடிபட்டால்? நூறு என்று யார் கையால் எழுதியிருக்கிறது என்று பாருங்கள். அவ்வளவுதான் விசாரணை.

இது ஏதோ நம் ஊர் வட்டார அலுவலகத்துச் சில்லறைத்தனம் என்று நினைத்துவிட வேண்டாம். 1975 ஜூன் 25 இரவு தில்லியில் நாளிதழ் அச்சகங்களுக்கு மின்சாரம் வெட்டப்பட்டது. நெருக்கடிநிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையம் பின்னாளில் இதைக் கிண்டியபோது எழுத்தாணை எதுவும் அகப்படவில்லை. துணைநிலை ஆளுநர் மின்வழங்கல் நிறுவனத்தின் பொது மேலாளரிடம் வாயால் சொல்லியிருந்தார், அவர் தமக்குக் கீழே இருந்தவர்களிடம் சொன்னார், விளக்கு அணைந்தது. ஒரு நாட்டின் அச்சு எந்திரங்களை நிறுத்திய உத்தரவு, ஒரு துண்டுக் காகிதத்தில்கூட அச்சேறவில்லை.

மேலே இருப்பவர்களுக்கும் இந்த வியாதி உறுத்தாமல் இல்லை. அவர்களுக்கு மேலே இன்னொரு வாய் இருக்கிறதே. முன்னாள் அமைச்சரவைச் செயலர் டி.எஸ்.ஆர். சுப்பிரமணியன் உள்ளிட்ட ஓய்வுபெற்ற உயரதிகாரிகள் பலர் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2013 அக்டோபர் 31இல் தீர்ப்பு வந்தது. வாய்மொழிக் கட்டளையை நம்பி அதிகாரிகள் செயல்படக் கூடாது, அதைப் பதிவு செய்ய வேண்டும், பதிவே இல்லையென்றால் தகவல் பெறும் உரிமையே பொருளற்றுப் போகும் என்றது நீதிமன்றம். புதிதாக ஒன்றும் இல்லை. அகில இந்தியப் பணிகளுக்கான 1968ஆம் ஆண்டு நடத்தை விதிகளிலேயே, மேலதிகாரியின் கட்டளை பொதுவாக எழுத்தில் இருக்க வேண்டும், அவசரத்தில் வாயால் சொன்னால் விரைவில் எழுத்தில் உறுதிசெய்ய வேண்டும் என்று இருக்கிறது.

வழக்குப் போட்டவர்களுக்கு என் வணக்கம். வணக்கம் சொல்லி முடித்ததும் ஒரு கேள்வி. அமைச்சரிடம் ‘எழுதிக் கொடுங்கள்’ என்று கேட்கும் உரிமை ஆட்சிப் பணி அதிகாரிக்கு உண்டு. நல்லது. அதிகாரியிடம் அப்படிக் கேட்கும் உரிமை உதவிப் பொறியாளருக்கு? பொறியாளரிடம் கேட்க ஒப்பந்ததாரருக்கு? ஒப்பந்ததாரரிடம் கேட்க மேஸ்திரிக்கு? மேஸ்திரியிடம் கேட்க, குழியின் விளிம்பில் கயிறோடு நிற்பவருக்கு? அந்தத் தீர்ப்பு எத்தனாவது படியில் மூச்சுவாங்கி உட்கார்ந்துவிட்டது?

கூப்பிடும் அழகையும் சொல்ல வேண்டும். தன் தாய் வயதுள்ள தூய்மைப் பணியாளரை ‘ஏம்மா, இங்க வா, இதை எடு’ என்று சொல்ல ஒரு இளம் பொறியாளருக்கு நாக்குக் கூசாது. ‘வாங்க’ என்று சொல்லிவிட்டால் ஊதிய விகிதத்தில் ஏதோ குறைந்துவிடும் போலிருக்கிறது. ஓட்டுநருக்கு ‘டேய்’ வரைக்கும் உண்டு, அவரவர் கொழுப்பையும் சாதியையும் பொறுத்து. சாதி என்றதும் அலுவலகமே முகம் சுளிக்கும். இங்கே அப்படி எதுவும் இல்லை என்று முத்திரையிட்டுச் சான்றும் தருவார்கள். வராந்தாவில் ஒரு முற்பகல் நின்று, ஒருமை எந்த வாயிலிருந்து எந்தக் காதுக்குப் பாய்கிறது என்று கேட்டுப் பாருங்கள். சான்று தேவைப்படாது.

இப்படி இருபது வருடம் ‘வா, போ, எடு, வை’ கேட்டவருக்குத் திடீரென்று ஒரு நாள் மரியாதை வந்து சேரும். உறையிட்ட தாளில் வரும். ‘தங்கள் மீது ஏன் ஒழுங்கு நடவடிக்கை எடுக்கக் கூடாது என்பதற்கான விளக்கத்தை இக்குறிப்பாணை கிடைக்கப்பெற்ற 15 நாட்களுக்குள் எழுத்து மூலமாகச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’ வாழ்நாளில் அவரைத் ‘தாங்கள்’ என்று அழைத்த முதல் காகிதம் குற்றச்சாட்டுக் குறிப்பாணை. விதி 17(அ)வா, 17(ஆ)வா என்று அவர் பக்கத்து இருக்கைக்காரரிடம் கேட்கிறார். இரண்டாவது என்றால் வேலைக்கே உலை. ‘ஐயா, நீங்க சொல்லித்தானே செஞ்சேன்’ என்று போய் நிற்கிறார். ‘நான் எப்பய்யா சொன்னேன்? எழுத்துல காட்டு.’

தனியார் துறைக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, அரசாங்கமே இப்படித்தான் என்று உச்சுக்கொட்டுவார்கள். உங்கள் குளிர்பதன அறைக்கும் வருகிறேன். சென்னைப் பழைய மாமல்லபுரம் சாலையின் கண்ணாடிக் கட்டடங்களில் யாரையும் வேலையை விட்டு நீக்குவதில்லை தெரியுமா? எல்லோரும் சொந்தக் காரணங்களால் தாங்களாகவே விலகுகிறார்கள். நாற்பது வயதில், வீட்டுக் கடன் பாதி நிற்கும்போது, பிள்ளை பத்தாம் வகுப்பில் இருக்கும்போது, ஒரு செவ்வாய்க்கிழமை பிற்பகலில் திடீரென்று சொந்தக் காரணம் வந்துவிடுகிறது. அதற்கு முன்னால் ஒரு சின்ன அறையில் மனிதவளத் துறை அவரிடம் பேசியிருக்கும். உள்ளே போகும்போது கைப்பேசியை வெளியே வைக்கச் சொல்லியிருப்பார்கள். பேச்சு தேன். ‘நாம எல்லாம் ஒரே ஃபேமிலி’ என்று தொடங்கும். ‘நீங்களா ரிசைன் பண்ணிட்டா உங்களுக்குத்தான் நல்லது, இல்லன்னா ரெக்கார்டுல வேற மாதிரி வரும்’ என்று முடியும்.

1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுச் சட்டம், ஓராண்டு தொடர்ந்து வேலை பார்த்த தொழிலாளியை ஆட்குறைப்பு செய்யக் காரணம் காட்டி ஒரு மாத எழுத்து அறிவிப்பு, அல்லது அதற்கு ஈடான ஊதியம், அதோடு ஆண்டுக்கு 15 நாள் ஊதியம் இழப்பீடு என்று வைத்தது. நிறுவனம் எழுதினால் சட்டம் வந்து நிற்கும். எனவே ஊழியரை எழுத வைக்கிறார்கள். கழுத்தை அறுக்கும் கத்தியை அவர் கையிலேயே கொடுத்து, ‘நன்றியுடன்’ என்று முடிக்கவும் சொல்லித்தருகிறார்கள். 2017 ஜூலையில் டெக் மகிந்திரா நிறுவனத்தில் இப்படி ஒரு உரையாடல் ஒலிப்பதிவாக வெளியே கசிந்தது. மறுநாள் காலை 10 மணிக்குள் ராஜினாமா தர வேண்டும் என்று ஊழியரிடம் சொல்லும் குரலை நாடே கேட்டது. குழுமத் தலைவர் ஆனந்த் மகிந்திரா பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டார். பேசியதற்கா, பதிவானதற்கா என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. மற்ற நிறுவனங்கள் அதிலிருந்து என்ன பாடம் கற்றன என்பது விளங்கியது. கைப்பேசியை வெளியே வைக்கச் சொன்னார்கள்.

ஜவுளிக்கடைக்கு ஒரு நிமிடம். நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை பார்க்கும் ஊழியர்களுக்கு இருக்கை தர வேண்டும் என்று 2021இல் தமிழ்நாட்டில் சட்டம் திருத்தப்பட்டது. முக்காலி வாங்கிப் போட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கு வருபவர் எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம். ‘கஸ்டமர் வர்ற நேரத்துல என்னம்மா உக்காந்துக்கிட்டு?’ என்ற குரலை அவர் எண்ண முடியாது. அந்தப் பெண்ணின் கால் நரம்பு மட்டும் கணக்கு வைத்திருக்கிறது.

இதுவரை சொன்னவை வயிற்றில் அடிக்கும் வாய்கள். உயிரை எடுக்கும் வாய் ஒன்று உண்டு.

கையால் மலம் அள்ளும் வேலைக்கு ஆள் அமர்த்துவதை 1993இல் சட்டம் தடை செய்தது. போதாதென்று 2013இல் இன்னொரு சட்டம். உரிய பாதுகாப்பு இல்லாமல் சாக்கடைக்குள்ளோ கழிவுநீர்த் தொட்டிக்குள்ளோ ஆளை இறக்கினால், முதல் குற்றத்துக்கே 2 ஆண்டு வரை சிறை அல்லது 2 லட்சம் வரை அபராதம் அல்லது இரண்டும். அதன் விதிகளில் ஒரு வரி என்னை விட்டுப் போக மறுக்கிறது. ஆளை இறக்கியே தீர வேண்டிய தவிர்க்க முடியாத நிலை வந்தால், உள்ளாட்சி அமைப்பின் தலைமை நிர்வாக அதிகாரி அதற்கான தக்க காரணங்களை எழுத்தில் பதிவு செய்து அனுமதி தர வேண்டும்.

எழுத்தில்! விதி வகுத்தவருக்கு நம் அதிகாரிகளின் குலமே தெரிந்திருக்கிறது. எழுத்து கேட்டால் ஒருவனும் இறக்க மாட்டான் என்று கணக்குப் போட்டார். பாதிதான் சரி. எழுதாமல் இறக்கினார்கள்.

எப்படி இறக்குகிறார்கள் என்பதைக் கேளுங்கள். தெருவில் சாக்கடை பொங்குகிறது. வார்டு உறுப்பினர் பொறியாளரைக் கூப்பிடுகிறார்: ‘என்ன சார், நாலு நாளா ஓடுது, ஜனங்க என்னைக் கேக்குறாங்க.’ பொறியாளர் ஒப்பந்ததாரரைக் கூப்பிடுகிறார்: ‘யாரை வெச்சாவது இன்னிக்கே எடுத்துடுங்க.’ ஒப்பந்ததாரர் மேஸ்திரியைக் கூப்பிடுகிறார்: ‘மெஷின் வர்றதுக்கு ராத்திரி ஆகும், ஆளைப் பாரு.’ மேஸ்திரி ஆளைப் பார்க்கிறார். எந்தத் தெருவில் போய்ப் பார்ப்பார் என்பது அவருக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ‘ரெண்டு நிமிஷம்தான்ப்பா. மூடியத் தொறந்து காத்தாட விட்டாச்சு. குத்தி விட்டுட்டு ஏறிடு. முன்னூறு சேத்து வாங்கித் தர்றேன்.’

நான்கு பேர், நான்கு வாய். ‘இறங்கிச் சாவு’ என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொருவர் வாயிலிருந்தும் கால் பங்கு உத்தரவு. சேர்த்தால் ஒரு பிணம். பல நேரம் இரண்டு, உள்ளே மயங்கியவரைத் தூக்க இன்னொருவர் பாய்கிறார். அவரை இறங்கச் சொல்லி எந்த வாயும் சொல்லவில்லை. அந்த இடத்தில் சொல்லாமலே செய்த ஒரே மனிதர் அவர்தான்.

அதுவரை காணாமல் போயிருந்த எழுத்து அப்போது ஓடி வருகிறது. ‘மேற்பார்வையாளரின் அறிவுரையையும் மீறித் தன்னிச்சையாக இறங்கியதாகத் தெரிகிறது.’ ‘எதிர்பாராத விதமாகத் தவறி விழுந்ததில்.’ நாளிதழ்கள் தங்கள் பங்குக்கு ‘விஷவாயு தாக்கி 2 பேர் பலி’ என்கின்றன. செயப்பாட்டுவினையிலேயே உழன்ற காகிதங்களில் முதன்முறையாக ஒரு கொலையாளி வருகிறான், பெயரோடு, செய்வினையில்: விஷவாயு. தாக்கியது அதுதான். ஹைட்ரஜன் சல்ஃபைடை நிறுத்தி விசாரிக்கக் கூண்டு இல்லை என்பதால் எல்லோரும் வீட்டுக்குப் போகலாம்.

மேலே போகப் போக எழுத்து இன்னும் சுத்தமாகிறது. 2021 பிப்ரவரியில், அதற்கு முந்தைய ஐந்து ஆண்டுகளில் சாக்கடைகளையும் கழிவுநீர்த் தொட்டிகளையும் சுத்தம் செய்யும்போது 340 பேர் இறந்ததாக மக்களவையில் ஒன்றிய அரசு பதில் தந்தது. அதே ஆண்டு ஜூலையில், கையால் மலம் அள்ளியதால் யாரும் இறந்ததாகத் தகவல் இல்லை என்று மாநிலங்களவையில் பதில் தந்தது. ஐந்து மாதத்தில் 340 பேரும் உயிர்த்தெழவில்லை. சட்டத்தில் ‘கையால் மலம் அள்ளுதல்’ ஒரு பத்தி, ‘ஆபத்தான முறையில் சுத்தம் செய்தல்’ வேறு பத்தி. இந்தப் பத்தியில் செத்தவரை அந்தப் பத்தியில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? எழுதப் படித்தவர்கள் பேனாவால் செய்யும் வேலை இது. இதற்குப் பயிற்சி வகுப்பு நடத்தி, தேர்வில் தேறியவரைத்தான் நாற்காலியில் உட்கார வைக்கிறோம்.

1993 முதல் எடுத்த சாக்கடைச் சாவுக் கணக்கில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு. எல்லா முதலிடத்துக்கும் பக்கம் பக்கமாக விளம்பரம் தரும் நாம் இதை மட்டும் அடக்கத்தோடு வைத்திருக்கிறோம்.

இனிதான் எழுத்தின் முழுக் கொடூரம். இறந்தவரின் குடும்பத்துக்கு 10 லட்சம் தர வேண்டும் என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. அதைக் கேட்டு வரும் மனைவியிடம், நான்கு வாயால் அவள் கணவனைக் குழிக்குள் அனுப்பிய அதே அமைப்பு, ஒரு கட்டுக் காகிதம் கேட்கிறது. இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, பிரேதப் பரிசோதனை அறிக்கை, முதல் தகவல் அறிக்கை. அப்புறம் மெல்ல ஒரு கேள்வி: ‘உன் வீட்டுக்காரர் இந்த வேலையிலதான் இருந்தார்ங்கறதுக்கு எழுத்துல என்ன இருக்கு?’

எழுத்தில் என்ன இருக்கும்? வேலைக்கு வைத்தது வாயால். கூலி பேசியது வாயால். இறங்கச் சொன்னது வாயால். முன்னூறு ரூபாய் சேர்த்துத் தருவதாகச் சொன்னதும் வாயால்தான், அது வரவும் இல்லை.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் எந்த ஆட்சியர் அலுவலக வாசலுக்கும் போய்ப் பாருங்கள். மரத்தடியில், அட்டையை மடியில் வைத்து மனு எழுதித் தருபவர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். அவள் சொல்கிறாள்: ‘கொன்னுட்டாங்கண்ணா. மெஷினு நிக்குது, அத எடுக்காம இவர எறக்கி விட்டுக் கொன்னுட்டாங்க. மூணு பேரு நின்னு வேடிக்கை பாத்தாங்க.’ அவர் எழுதுகிறார்: ‘எனது கணவர் பணியின்போது எதிர்பாராத விதமாக இயற்கை எய்திவிட்டார் என்பதைத் தங்களின் மேலான கவனத்திற்குத் தாழ்மையுடன் பணிந்து தெரிவித்துக்கொள்கிறேன்.’ அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. எந்த மொழியில் எழுதினால் மேசையைத் தாண்டும் என்று அவருக்கு அனுபவம் சொல்லியிருக்கிறது. கொலை என்று எழுதிய மனு எந்த மூலையில் கிடக்கும் என்பதும் தெரியும். அவள் பேச்சில் கொலையாளிகள் மூன்று பேர் நின்றார்கள். மனுவில் இயற்கை மட்டும் நிற்கிறது. அதைப் படித்துவிட்டு உள்ளே ஒருவர் ஓரத்தில் எழுதுவார்: ‘தக்க நடவடிக்கைக்கு.’

வாயால் மட்டும் ஆளத் தெரிந்த கனவான்களே, உங்களுக்கு வரைவு எழுதித் தர ஆள் இல்லாததுதான் குறை என்றால், நானே எழுதித் தருகிறேன். கீழே இருப்பவன் எழுதியதில் கையெழுத்துப் போடுவதுதானே உங்கள் வழக்கம்.

பொருள்: பாதாளச் சாக்கடை அடைப்பு நீக்குதல் – எந்திரம் இருந்தும் அனுப்பாமை – மனிதரை இறக்குதல் – ஆணை.

பார்வை: மூன்று தொலைபேசி அழைப்புகள் (எதுவும் பதிவாகவில்லை என்பது உறுதிசெய்யப்பட்டது).

ஆணை: மேற்படி தெருவின் ஆள்நுழைவுக் குழிக்குள், இன்ன பெயரும் இன்ன வயதும் கொண்ட மனிதரை, முகமூடியும் உயிர்வளியும் தராமல், இன்று பிற்பகல் நான் இறக்குகிறேன். விதிப்படி பதிவு செய்ய வேண்டிய தக்க காரணம் பின்வருமாறு: எந்திரத்தின் வாடகையைவிட இவர் மலிவு. இது என் முடிவு. குறிப்பு எழுதிய உதவியாளருக்கோ, வாயுவுக்கோ, இயற்கைக்கோ, இறங்குபவரின் தன்னிச்சைக்கோ இதில் பங்கில்லை.

ஒப்பம், பெயர், பதவி. பச்சை மையில்.

நகல்: காவல் ஆய்வாளருக்கு, முதல் தகவல் அறிக்கையில் விஷவாயுவின் இடத்தில் என் பெயரை எழுதிக்கொள்ள.

நகல்: தணிக்கைக்கு, மிச்சப்படுத்திய வாடகையைச் சரிபார்க்க.

நகல்: மேற்படி மனிதரின் மனைவிக்கு, அவர் இறங்குவதற்கு முன்பாக.